மலைப் பயணமும் இரவுத் தங்கலும்

வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் மாணவர்களுக்கு மலை புதிய பொருளன்று. வகுப்பறைச் சன்னல் வழியே பார்த்தாலே மலை தெரியும். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் புகைவண்டி, பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஓடுகிறது. தெற்கே ஜவ்வாது மலைத்தொடரும், வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகளும் அதற்கு இரு மருங்கிலும் துணை வருகின்றன. ஜோலார்பேட்டையை நெருங்கும்போது ஏலகிரி எதிர்ப்படுகிறது. ஆயினும் நம்முள் எத்தனை பேர் இம்மலைகளில் நடந்து சென்று ஓர் இரவேனும் தங்கியிருக்கிறோம்?

பேருந்தில் ஏறி, புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் தாங்கிய பதினான்கு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து ஏலகிரியை அடைந்து, ஏரியில் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாலையில் வீடு திரும்புவது உல்லாசப் பயணம். அதில் குற்றமில்லை. ஆனால், தன் சுமையைத் தானே முதுகில் தாங்கி, ஒரு நாள் முழுவதும் நடந்து, மலையில் உள்ள ஒரு விடுதியிலோ குடிலிலோ இரவைக் கழித்து, மறுநாள் மேலும் நடப்பது வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குக் கால்வலிமை மட்டும் போதாது, முன்யோசனையும் வேண்டும். அத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவது எங்ஙனம் என்பதையே இன்று மாணவ மாணவியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாணவர்கள் தாமே திட்டம் எழுதும்போது பெரும்பாலும் எங்கே தொடங்குகிறார்கள்? எந்த அருவியைக் காண்பது, எந்தச் சிகரத்தில் ஏறுவது, என்ன தின்பண்டம் கொண்டுபோவது என்பவை முதலில் வரும். இரவு எங்கே தங்குவது என்பது கடைசி வரியில் இருக்கும்; சில தாள்களில் அந்த வரியே இராது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லுமுன் பெற்றோரை வரவழைத்துப் பேசுவது வழக்கம். ஒருமுறை தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தந்தை, பணி முடிந்து நேரே பள்ளிக்கு வந்திருந்தார். நான் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க ஐயா, ராத்திரிக்குப் புள்ளைங்க எங்க படுக்கும்? அதைச் சொல்லுங்க” என்றார். விடையைக் கேட்டபின்பே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டார். மலைப் பயணத் திட்டத்தை எவ்விடத்தில் தொடங்குவது என்பதற்கு அதனினும் நல்ல பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

இரவிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் தங்குமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தங்குமிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தொலைவே ஒரு நாளின் நடை. அந்த நடைக்கு வேண்டிய நேரமே காலையில் புறப்படும் நேரத்தை முடிவு செய்யும். அங்கே போர்வை கிடைக்குமா, அடுப்பு இருக்குமா, தண்ணீர் உண்டா என்பவற்றைப் பொறுத்தே முதுகுச் சுமை அமையும். இவ்வாறு மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு கேள்வியின் பின்னே வரிசையாக நிற்கின்றன.

வழிநடைப் பயணிக்கு இரவுத் தங்கல் அமைத்துக் கொடுப்பது நம் நாட்டில் பழைய அறம். சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்களும், இரவு தங்கச் சத்திரங்களும் நம் பெருவழிகளில் இருந்தன. இராணி மங்கம்மாள் கட்டிய சத்திரத்தை மதுரையில் இன்றும் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகள் மலைகளையும் காடுகளையும் சுற்றிப்பார்க்கச் செல்லும்போது தங்குவதற்கென, ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒன்றாகப் பயணியர் மாளிகைகளும் வன ஓய்வு விடுதிகளும் கட்டப்பட்டன. ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ப்ஸ் மலைச் சங்கம் 1863-ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டிலேயே அச்சங்கத்தார் தோடி என்னும் மலைமீது தம் முதற் குடிலை அமைத்தனர். நியூசிலாந்தில் இன்று அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950-க்கும் மேற்பட்ட மலைக்குடில்களைப் பேணி வருகிறது. நாடுகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: இருட்டுமுன் மனிதன் ஒரு கூரையின் கீழ் சேர வேண்டும்.

தங்குமிடங்களை வைத்து நாட்களைப் பிரிப்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. உத்தரகண்ட மாநிலத்தில் குமாவூன் மலைப்பகுதியில் பிண்டாரி என்னும் பனியாறு இருக்கிறது. அதற்குச் செல்லும் பழைய நடைபாதை லோகார்கேத் என்னும் ஊரில் தொடங்கும். அங்கிருந்து தாக்குரிக்கு 11 கிலோமீட்டர். தாக்குரியிலிருந்து காதி என்னும் சிற்றூருக்கு 8. காதியிலிருந்து த்வாலிக்கு 11. த்வாலியிலிருந்து புர்க்கியாவுக்கு 5. அதற்குமேல் பனியாற்றைக் காணும் இடத்துக்கு ஏறத்தாழ 7. இவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் பொதுப்பணித் துறை கட்டிய ஓய்வு விடுதி இருந்தமையால் பயணிகள் கூடாரம் சுமக்க வேண்டிய தேவை குறைந்தது. இப்போது மலைச்சாலை மேலும் உள்ளே சென்றுவிட்டது. ஆகவே பலர் பாதையின் முற்பகுதியை வாகனத்திலேயே கடந்துவிடுகிறார்கள். எனினும், பாதையைத் தங்குமிடங்களால் பிரித்துப் பார்க்கும் முறை இன்றும் மாறவில்லை.

இத்தொலைவுகளைக் கேட்ட ஒரு சுறுசுறுப்பான மாணவன், “த்வாலியிலிருந்து புர்க்கியாவுக்கு ஐந்தே கிலோமீட்டர்தானே? ஒரே நாளில் காதியிலிருந்து புர்க்கியாவுக்கே போய்விடலாமே” என்று கேட்கக்கூடும். இங்கேதான் உயரம் குறுக்கிடுகிறது. காதி ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும், த்வாலி 2,600 மீட்டர் உயரத்திலும், புர்க்கியா 3,200 மீட்டருக்கு மேலும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. அக்குறைவுக்கு உடல் பழக நாட்கள் வேண்டும். விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு தூங்கிய உயரத்துக்கும் மறு இரவு தூங்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருத்தல் கூடாது என்பது மருத்துவர் அறிவுரை. பகலில் உயரே ஏறிவிட்டு, இரவில் கீழே இறங்கித் தூங்குவது நலம். இங்கும் இரவே கணக்கின் அடிப்படையாக நிற்பதைக் கவனியுங்கள். த்வாலியில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது காலத்தை வீணாக்குவது ஆகாது. தலைவலி குறையவில்லையெனில் மேலே செல்லாதிருப்பதும், மிகுந்தால் உடனே இறங்கிவிடுவதுமே தக்க மருத்துவம்.

நம் பகுதி மலைகளில் இந்த உயரத் தொல்லை இல்லை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரமே உள்ளது. ஆனால் குளிர் உண்டு. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். வேலூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 200 மீட்டர் அளவில் உள்ளது. அங்குக் குளிராக உணரும் ஒரு மார்கழி இரவில் ஏலகிரி மேலும் ஆறு பாகை குளிர்ந்திருக்கும். வேலூர் வெயிலிலேயே வளர்ந்த பிள்ளைகள் ஒரு மெல்லிய போர்வையோடு போய், இரவெல்லாம் நடுங்குவது இதனால்தான்.

முதன்முறை செல்லும் மாணவர்கள் இமயத்தை நோக்க வேண்டியதில்லை. ஏலகிரியிலோ, ஜவ்வாது மலையின் நடுவே உள்ள ஜமுனாமரத்தூரிலோ முன்பதிவு செய்துகொண்டு ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கி, பகலில் அனுமதிக்கப்பட்ட பாதைகளில் நடந்து திரும்புவது நல்ல பயிற்சியாகும். சுமை தங்குமிடத்திலேயே இருக்கும். தவறு நேர்ந்தாலும் திரும்பும் வழி பழகியதாக இருக்கும். அப்பயிற்சிக்குப் பின்னர், நாள்தோறும் இடம் மாறும் பயணத்தைத் திட்டமிடலாம்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். சமவெளியில் ஒரு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம் என்பதை வைத்துக்கொண்டு மலையிலும் அதே கணக்கைப் போடுவது பெரும் பிழை. 1892-ஆம் ஆண்டில் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி ஓர் எளிய விதியைக் கூறினார். இன்றைய அளவைகளில் அதைச் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். பிண்டாரிப் பாதையின் பழைய முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவு 11 கிலோமீட்டர். ஆகவே இரண்டு மணி 12 நிமிடம். இடையிலுள்ள கணவாய்க்கு ஏற்றம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆகவே இன்னும் ஒரு மணி 50 நிமிடம். இரண்டையும் கூட்டினால் நான்கு மணி நேரம் வருகிறது. ஆனால் இது பழகிய, உடல் வலிமை மிக்க ஒருவருக்கான கணக்கு. முதுகில் சுமையுடன் செல்லும் மாணவர் குழுவுக்குப் பாதி நேரம் கூட்டி ஆறு மணி என்று கொள்ள வேண்டும். உணவுக்கும் இளைப்பாறலுக்கும் ஒரு மணி. ஆக ஏழு மணி நேரம்.

இப்போது மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பர் மாதக் கடைசியில் நம் பகுதியில் ஆறு மணிக்குச் சற்று முன்பே ஞாயிறு மறைகிறது. பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு இடையிலும் அதற்கு முன்னரே இருள் சூழும். ஆகவே நான்கு மணிக்குத் தங்குமிடத்தை அடைதல் வேண்டும். நான்கிலிருந்து ஏழு மணி நேரத்தைக் கழித்தால் காலை ஒன்பது. இதுவே புறப்படுவதற்குரிய கடைசி நேரம். ஏழு மணிக்கே புறப்பட்டால் இரண்டு மணி நேரம் கையிருப்பாக இருக்கும். ஒருவன் கால் சுளுக்கினாலும், ஓடையில் நீர் பெருகிச் சற்றுக் காத்திருக்க நேர்ந்தாலும், அந்தக் கையிருப்பே காப்பாற்றும். மேலும் ஒரு நேரத்தைத் திட்டத் தாளில் சிவப்பு மையால் எழுதுங்கள்: அந்நேரத்துக்குள் பாதி வழியைக் கடக்கவில்லையெனில், சிகரம் கண்ணெதிரே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். களைத்த நேரத்தில், நாலு பேர் “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லும்போது முடிவெடுத்தல் கடினம். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுதிய முடிவுக்குக் கீழ்ப்படிதல் எளிது.

அடுத்தது பருவம். வடதமிழ்நாட்டு மலைகளுக்கு இரு பருவ மழையும் உண்டு. கோடைக்குப்பின் இடிமழை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வரும். அம்மழை ஓய்ந்த டிசம்பர்க் கடைசியும் சனவரியும் நடைக்கு உகந்தவை. அக்காலத்தில் ஓடைகளில் நீர் இருக்கும். காடு பசுமை மாறாதிருக்கும். பிப்ரவரியில் புல் காய்ந்து பொன்னிறமாகும். கண்ணுக்கு அழகான அந்தப் புல்தான் தீக்கு இரை.

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாளை நாம் மறத்தல் ஆகாது. அன்று தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயின் நடுவே அகப்பட்டுக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர், பெண்கள் பலர். உங்களைப்போல் மலையை விரும்பிச் சென்றவர்கள்தாம். அந்நிகழ்ச்சிக்குப் பிறகு அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறையின் மலையேற்றத் திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. அவற்றுள் நம் திருப்பத்தூர் மாவட்டமும் ஒன்று. மலைவாழ் மக்களிலிருந்தும் காட்டையொட்டிய ஊர்களிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பெற்ற வழிகாட்டிகள் உடன் வருகின்றனர். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டில் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவ்வாறு மூடப்பட்டன.

தீ எவ்வாறு பரவுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சரிவில் எரியும் தீ, தனக்கு மேலுள்ள புல்லைத் தன் வெப்பத்தால் முன்னரே உலர்த்திவிடுகிறது. ஆகவே அது கீழ்நோக்கிச் செல்வதைவிட மேல்நோக்கிப் பன்மடங்கு விரைவாகப் பாய்கிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் கணக்கு. மனிதனோ மேட்டில் ஏறும்போது வேகம் குறைகிறான். எனவே தீயைக் கண்டு மலையுச்சியை நோக்கி ஓடுதல் தகாது. பக்கவாட்டில் விலகி, பாறைவெளியையோ ஓடைப் படுகையையோ புல்லற்ற நிலத்தையோ அடைய வேண்டும். ஆயினும் தீக்காலத்தில் போகாமலிருப்பதே எல்லா அறிவுரைகளிலும் தலையாயது.

அனுமதியைச் சிலர் வெறும் சடங்கு என்று எண்ணுகிறார்கள். காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அனுமதி பெறும்போது நீங்கள் எத்தனை பேர், எந்த வழியாக, எந்த நாளில் செல்கிறீர்கள் என்பது வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் பதிவாகிறது. ஆபத்து நேர்ந்தால் உங்களைத் தேடி வருபவர்க்கு அந்தத் தாள் ஒன்றே வழிகாட்டி. ஆகவே மாவட்ட வன அலுவலரிடம் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். வயது வரம்பு, வழிகாட்டி, தங்குமிடம் ஆகியவற்றை அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விடுதியின் கூரை நன்றாக உள்ளதா, வழியிலுள்ள பாலம் நிற்கிறதா என்று புறப்படும் வாரத்தில் மறுபடியும் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து வெள்ளம் உத்தரகண்டத்தில் மலைப்பாதைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. பழைய வரைபடத்தில் அவையெல்லாம் இருந்தபடியே இருந்தன.

சுமை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். ஐம்பது கிலோ எடையுள்ள மாணவனுக்குப் பத்துக் கிலோ. விடுதியில் தங்குவதால் கூடாரத்தின் எடை மிச்சமாகிறது. அம்மிச்சத்தைத் தின்பண்டத்தால் நிரப்பிவிடலாகாது. கம்பளிச் சட்டை ஒன்று, மழையங்கி, தூங்கும்போது அணிவதற்கென நனையாமல் கட்டிவைத்த ஓர் உடை, போர்வை, கைவிளக்கு, தீப்பெட்டி, முதலுதவிப் பொருள்கள், ஊதுகுழல் ஆகியவை போதும். கைபேசியை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மலை மடிப்புகளில் அலைவரிசை எட்டாது. குளிரில் மின்கலமும் விரைவில் தளரும். வரைபடம் தாளிலும் இருக்கட்டும்.

காலணியைப் பற்றி ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமோ? வெளிநாட்டவர் அணியும் காலணிகளைத் தைத்து அனுப்பும் ஊர் அது. எனினும், பயணத்துக்கு முதல்நாள் புதிய காலணி வாங்கிக்கொண்டு வரும் மாணவர்கள் அவ்வூரிலும் உண்டு. புதிய தோல் காலின் வடிவத்துக்கு இணங்குவதற்கு மூன்று நான்கு வாரங்கள் அணிந்து நடக்க வேண்டும். இல்லையெனில் முதல்நாள் மாலையே குதிகாலில் கொப்புளம் எழும். ஒருவனுடைய கொப்புளம் குழு முழுவதையும் நிறுத்திவிடும். நனைந்த காலணியை அடுப்பருகே உலர்த்துவது மற்றொரு தவறு. ஈரத்தோல் சூடு பட்டால் சுருங்கி, விறைத்து, வெடித்துவிடும். தோல் பதனிடும் தொழிலாளி எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வைத்தலே முறை. குரோமிய உப்பு வருமுன், நம் ஊர்த் தோல்களைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆகும். கடுக்காய் ஜவ்வாது போன்ற மலைக்காடுகளில் விளைவது. நம் தொழிலுக்கும் நம் மலைக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது.

தண்ணீரின் அருமையைப் பாலாற்றங்கரை மக்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. தோல் கழிவுநீரால் இவ்வாற்றுப் படுகையின் நிலமும் கிணறுகளும் கெட்டது பற்றிய வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. நம் ஊரின் துயரம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டத்தைத் தந்தது. அத்தகைய ஊரிலிருந்து மலைக்குச் செல்லும் நாம், ஓடையில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும், பாத்திரம் கழுவுவதும் அடாத செயல்கள். மலங்கழிக்கும் இடம் நீரோட்டத்திலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும்; குழி தோண்டி மூடிவிட வேண்டும். நடையின்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் நீர் வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ ஆகையால் முழுவதையும் சுமக்க இயலாது. வழியில் எங்கெங்கே நீர் உண்டு என்பதைத் திட்டத்தில் குறிக்க வேண்டும். ஓடை பளிங்குபோல் தெளிந்திருப்பினும் மேலே மாடு இறங்கியிருக்கலாம். நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றியே பருகுங்கள்.

விடுதியில் தங்குவதற்கும் சில ஒழுக்கங்கள் உண்டு. முன்னே வந்தவர் பின்னே வருபவருக்கு இடம் ஒதுக்க வேண்டும். மாணவியர் உடன் வரும் பயணத்தில் அவர்களுக்குத் தனி அறையும் உடன் ஆசிரியையும் உண்டா என்பதைப் பதிவு செய்யும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். குளிருக்கு அஞ்சி, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு அறைக்குள் கரியடுப்பு மூட்டுதல் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் விழிக்கமாட்டார். காலையில் புறப்படுமுன் அறையைப் பெருக்கிவிட்டு, குப்பையை உங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள். அங்கே வருகைப் பதிவேடு இருந்தால், பெயரோடு அன்று எங்கே செல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வழிதவறிய பலரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவியவை இத்தகைய வரிகளே.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சாமை முதலிய சிறுதானியங்களை விளைவித்தும், புளியும் தேனும் கடுக்காயும் சேகரித்தும் வாழ்பவர்கள். எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், எந்த மேகம் மழையைக் கொண்டுவரும், கரடி எவ்வழியே வரும் என்பவை அவர்களுக்குக் கைவந்த பாடம். வழிகாட்டியாக வருபவரைச் சுமைதூக்கியாக எண்ணாமல், ஆசிரியராக எண்ணி அண்ணன் என்றோ ஐயா என்றோ அழையுங்கள். அவர் “இன்று வேண்டாம்” என்றால் அன்று வேண்டாம்.

திட்டத்தைத் தாளில் எழுதும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று வரையுங்கள். முதற் கட்டத்தில் ஒவ்வோர் இரவும் தங்கும் இடம்; இரண்டாவதில் அதன் உயரமும் அங்குள்ள வசதியும்; மூன்றாவதில் அன்றைய தொலைவு, ஏற்றம், நடை நேரம்; நான்காவதில் புறப்படும் நேரமும் திரும்பிவிட வேண்டிய நேரமும்; ஐந்தாவதில் வழியிலுள்ள நீர்நிலைகளும், ஆபத்தில் இறங்கக்கூடிய மாற்று வழியும். இதில் மூன்று படிகள் எடுத்து ஒன்றை வீட்டிலும், ஒன்றைப் பள்ளியிலோ கல்லூரியிலோ, ஒன்றை வனத்துறை அலுவலகத்திலும் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் அடியில் எழுதிவிடுங்கள்.

இவ்வளவு முன்னேற்பாடும் செய்தபின் மலைமேல் வரும் இரவு அச்சம் தருவதாக இராது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானம் இருண்டு தெளிந்திருப்பதைக் கண்டே, வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் அவ்விடத்தை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். 1968-ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றுடன் அங்குப் பணி தொடங்கியது. 1986-ஆம் ஆண்டில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அமைந்தது; வான்நோக்கு நிலையமும் அவர் பெயரையே பெற்றது. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடிக்கப்பெற்ற ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பெற்றது. நாம் வாழும் நகரங்களில் மின்விளக்குகளின் ஒளியில் மறைந்துபோன விண்மீன்களை, மலை விடுதியின் திண்ணையில் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்து எண்ணத் தொடங்குங்கள். மணி ஒன்பது ஆனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும் அல்லவா?